எரிந்த மாளிகையை எந்த நாளுக்குத் திருப்புவது?

1989 ஆகஸ்ட் 30, புதன்கிழமை பிற்பகல். தென் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், ஒரு குன்றின் உச்சியில் இருக்கும் அப்பார்க் மாளிகைக்குள் பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே கூரையில் ஈயத் தகடுகளைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. நீண்ட நாள் வேலை, முடிய ஓரிரு நாளே பாக்கி. தகட்டைச் சூடாக்கப் பிடித்த கேஸ் டார்ச்சின் அனல், அடியில் இருந்த காய்ந்த மரத்தைப் பற்றிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கூரை முழுக்கத் தீ. கீழே வீட்டில் வசித்த குடும்பத்தார், ஊழியர்கள், சுற்றிப்பார்க்க வந்தவர்கள், தீயணைப்பு வீரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி நாற்காலி, ஓவியம், பீங்கான், கம்பளம் என்று அகப்பட்டதை எல்லாம் வெளியே புல்தரைக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பு வரவேற்பறையின் சுவர்த்தாளைக்கூட முடிந்தவரை உரித்து எடுத்தார்கள். கூரையும் மேல்தளமும் எரிந்து சரிந்து கீழ்த்தளத்தின் மேல் விழுந்தன. மறுநாள் அங்கே நின்றது செங்கல் சுவர்களும், அவற்றுக்குள் புகைந்துகொண்டிருந்த கரிக் குவியலும்தான்.

1995 ஜூனில் அதே வீடு மறுபடி திறந்தது. உள்ளே போனவர்கள் பார்த்தது பளபளக்கும் புது மாளிகையை அல்ல. சுவர்த்தாள் மங்கியிருந்தது, வெள்ளைப் பெயிண்ட் பழுப்பேறியிருந்தது. எரிந்த வீடு என்று சொன்னால்தான் தெரியும்.

இப்படி ஒன்றைச் செய்வதற்குப் பெயர் என்ன? புதுப்பித்தலா, மீட்டெடுப்பதா, நகல் எடுப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகைகளின் வரலாறும், பழைய கட்டடங்களைக் காப்பது என்ற விஷயமும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில், நாட்டுப்புற மாளிகை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் கன்ட்ரி ஹவுஸ் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏதோ கிராமத்து ஓட்டு வீடு என்று நினைக்க வேண்டாம். அரண்மனை ராஜாவுக்கு, கோட்டை போருக்கு, பண்ணை வீடு உழவனுக்கு. இது ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வைத்திருந்த பெரிய மனிதனின் வீடு. லண்டனில் அவனுக்கு இன்னொரு வீடு இருக்கும். பாராளுமன்றமும் விருந்தும் நடக்கும் மாதங்களில் அங்கே இருப்பான், மீதி நாள் இங்கே. ஜமீன் பங்களா என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி சரி.

வீட்டின் முகப்பில் விருந்தாளிகளுக்குக் காட்டும் பெரிய அறைகள். பின்னாலும் அடியிலும் வேலைக்காரர்களின் உலகம்: சமையலறை, பால் அறை, துணி துவைக்கும் இடம். அப்பார்க்கில் அடித்தளத்திலிருந்து வெளிக் கட்டடங்களுக்குச் சுரங்கப்பாதையே இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டோடு நடக்கும் ஆள், ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும் எஜமானின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸின் அம்மா 1880 முதல் 1893 வரை இந்த வீட்டில்தான் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தார். மேலே உலாவும் கூட்டம், மண்ணுக்கு அடியில் உழைக்கும் கூட்டம் என்று வெல்ஸ் பிறகு எழுதிய கற்பனைக்கு இந்தச் சுரங்கம்தான் விதை என்று சொல்வதுண்டு.

இவ்வளவையும் நடத்தப் பணம்? முதன்மையாக நிலக் குத்தகை. அதற்கு மேல் வியாபாரம், அரசுப் பதவி, கரீபியத் தீவுகளின் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரை, கிழக்கிந்தியக் கம்பெனி. கடைசியாகச் சொன்னதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், மதராஸில் ஒரு பெரிய வைரத்தை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பிறகு அதை பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். கார்ன்வாலில் அவர் வாங்கிய பொக்கோனாக் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, தன் கையில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியாதிக்கத்தோடோ அடிமை முறையோடோ தொடர்பு இருப்பதாகப் பட்டியலிட்டது. அதற்கு அங்கே கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. வீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்பது சிலருக்கு இன்றும் மரியாதைக் குறைவாகத்தான் படுகிறது.

ஏன் விழுந்தன?

1870-களில் அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இங்கிலாந்தில் விளைச்சலுக்கு விலை இல்லை, குத்தகையும் குறைந்தது. 1894-இல் எஸ்டேட் வரி வந்தது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு அரசாங்கம் வரி வாங்கும். ஆரம்பத்தில் மிகப் பெரிய சொத்துக்கே 8 சதவீதம்தான். 1919-இல் அது 40 ஆனது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 80 வரை ஏறியது. இடையில் இரண்டு போர்கள். அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்துபோன குடும்பங்கள் அடுத்தடுத்து இரண்டு தடவை வரி கட்டின. இரண்டாம் போரின்போது பல வீடுகளை ராணுவம் எடுத்துக்கொண்டு, முடிந்ததும் உடைசலாகத் திருப்பிக் கொடுத்தது. வேலைக்காரர்கள் தொழிற்சாலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

அப்புறம் என்ன, இடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் போயின. 1955-ஐ உச்சம் என்பார்கள். ஐந்து நாளைக்கு ஒரு வீடு என்ற கணக்கில் இடிபட்டதாம். இதைக் கண் முன்னால் கொண்டுவந்தது 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு கண்காட்சி. போன வீடுகளின் படங்களை வைத்து, பின்னணியில் அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க விட்டிருந்தார்கள்.

தப்பிய வீடுகள் பல நேஷனல் டிரஸ்டிடம் வந்தன. 1895-இல் தொடங்கிய அறக்கட்டளை அது. மலை, கடற்கரை, காடு ஆகியவற்றைப் பொதுமக்களுக்காக வாங்கிக் காப்பதே முதல் நோக்கம். 1937-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு உருவானது. குடும்பம் வீட்டையும், அதைப் பராமரிக்கத் தேவையான நிலத்தையோ பணத்தையோ டிரஸ்டுக்குக் கொடுத்துவிடும். வரி மிச்சம். குடும்பத்தார் ஒரு பகுதியில் தொடர்ந்து குடியிருக்கலாம், மற்ற அறைகளைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம். அப்பார்க் 1954-இல் இப்படித்தான் டிரஸ்டுக்குப் போனது.

ஒரு பால்காரப் பெண்ணின் புண்ணியம்

அப்பார்க் 1690 வாக்கில் ஃபோர்டு கிரே என்ற பிரபுவுக்காகக் கட்டப்பட்டது. 1685-இல் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்து பிடிபட்டு, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து உயிர் தப்பிய ஆசாமி. குன்றின் உச்சியில் வீடு கட்ட முடிந்ததற்குக் காரணம் அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா எட்வர்டு ஃபோர்டு என்பார்கள். தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு அமைப்பதில் அவர் வல்லவர்.

1747-இல் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா என்ற பணக்கார இளைஞர் 19,000 பவுண்டுக்கு வீட்டை வாங்கினார். மனைவி சாராவோடு இத்தாலி வரை சுற்றி, போகிற இடமெல்லாம் ஓவியம் வாங்கி வந்தார். இன்று நாம் பார்க்கும் உட்புறம் பெரும்பாலும் அவர் காலத்தது. அவருக்குப் பின் மகன் ஹாரி. ஊதாரி, சூதாடி, பிற்காலத்தில் லேடி ஹாமில்டன் என்று ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட எம்மாவைப் பதினைந்து பதினாறு வயதில் இங்கே கொண்டுவந்து வைத்திருந்து, கர்ப்பமானதும் கைகழுவி விட்டவர். அதே ஹாரி 1825-இல், எழுபது தாண்டிய வயதில், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக் என்ற இளம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரே சிரித்தது. 1846-இல் அவர் இறந்தபோது வீடும் நிலமும் அவளுக்கு.

மேரி ஆனும், அவளுக்குப் பிறகு தங்கை ஃபிரான்சிஸும் 1895 வரை அங்கே இருந்தார்கள். விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் அப்போது பழைய அறைகளைக் கிழித்து, கனத்த திரையும் புதுச் சாமானும் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அக்காவும் தங்கையும் எதையும் மாற்றவில்லை. ஹாரி வைத்த இடத்தில் வைத்தபடியே எல்லாம் இருந்தன. 1930-களில் இங்கே எஜமானியாகக் குடிவந்த மெக் சீமாட்டி, நைந்துபோன பட்டுத் திரைகளைத் தூக்கி எறியாமல், சோப்புப் பூண்டுச் செடியை வேகவைத்த நீரில் அலசி, இழை இழையாகத் தைத்து மீட்டார்.

ஆக, 1989-இல் எரிந்தது சாதாரண பழைய வீடு இல்லை. இங்கிலாந்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டு உட்புறம் கலையாமல் கிடைத்த அபூர்வமான வீடுகளில் ஒன்று.

சொற்களை ஒரு தடவை பிரித்துக்கொள்வோம்

நாம் பேச்சில் புதுப்பித்தல் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறோம். இந்தத் துறையில் இருப்பவர்கள் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒழுகும் ஓட்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. இருப்பது மேலும் கெடாமல் நிறுத்துவது பாதுகாப்பு. ஒரு காலத்தில் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவது மீட்டமைப்பு. முழுவதும் போய்விட்டதை ஆதாரம் வைத்து மறுபடி எழுப்பினால் மறுகட்டுமானம். இன்றைய தேவைக்கு ஏற்ப மாற்றி அழகாக்குவதுதான் உண்மையில் புதுப்பித்தல்.

இதில் சண்டை எல்லாம் மீட்டமைப்பு என்ற சொல்லைச் சுற்றித்தான். விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களை மீட்டமைக்கிறோம் என்று கட்டடக் கலைஞர்கள் இறங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுதான் உயர்ந்த காலம் என்று முடிவு கட்டி, அதற்குப் பின் சேர்ந்ததை எல்லாம் இடித்தார்கள். பழைய பூச்சைச் சுரண்டிக் கல்லைப் பளிச்சென்று ஆக்கினார்கள். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸுக்குப் பொறுக்கவில்லை. 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். மோரிஸின் வாதம் எளிது. கட்டடத்தின் மேல் காலம் எழுதியது எல்லாம் அதன் வரலாறு, நீ விரும்பிய ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்தால் கையில் மிஞ்சுவது போலி. பூச்சைச் சுரண்டுவதை எதிர்த்ததால் அந்தச் சங்கத்துக்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று செல்லப் பெயர். இன்றும் அது இயங்குகிறது.

சரி, ஒரு நல்ல விதி கிடைத்துவிட்டது: இருப்பதைக் காப்பாற்று, இல்லாததை உருவாக்காதே. ஆனால் ஒரே நாளில் பாதி வீடு சாம்பலானால் இந்த விதி என்ன சொல்லும்?

குப்பைத் தொட்டிகள்

அப்பார்க் விஷயத்தில் அப்போது மூன்று பக்கமும் இழுத்தார்கள். சிலர் இடிபாடாகவே விடுங்கள் என்றார்கள். சிலர் பழைய சுவருக்குள் நம் காலத்துக் கட்டடம் ஒன்றைக் கட்டுங்கள் என்றார்கள். டிரஸ்ட் மீட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தது. காரணம் வெறும் பாசம் மட்டும் அல்ல. கீழ்த்தளச் சுவர்கள் நின்றன. மரப் பலகைகளிலும் சுதை வேலையிலும் கணிசமான பகுதி மிஞ்சியிருந்தது. அந்த அறைகளுக்கென்றே வாங்கிய சாமான்களில் பெரும்பகுதி புல்தரையில் பத்திரமாக இருந்தது. அறை இல்லாமல் அந்தச் சாமான்களை வைத்து என்ன செய்வது? செலவு சுமார் 2 கோடி பவுண்டு, பெரும்பகுதி காப்பீட்டுப் பணம்.

எந்த நிலைக்குத் திருப்புவது என்பதுதான் அடுத்த கேள்வி. 1690-க்கா? மேத்யூ புதிதாகப் பெயிண்ட் அடித்த 1750-களுக்கா? அவர்கள் எடுத்த முடிவுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது: தீப்பிடித்ததற்கு முந்தின நாளுக்கு. அதாவது 1989 ஆகஸ்ட் 29. அந்த ஒரு தேதியை ஏற்றுக்கொண்டால் மங்கலும் விரிசலும் பழுப்பும் சேர்ந்தே வரும்.

வேலை குப்பையில் ஆரம்பித்தது. விழுந்து கிடந்த கரியை லாரியில் அள்ளிக் கொட்டவில்லை. தொல்லியல் அகழாய்வு போலத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த அறையில் எந்த மூலையில் கிடைத்தது என்று குறித்து, எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிகளில் நிரப்பினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள். பிறகு ஒவ்வொன்றையும் கொட்டிச் சலித்தார்கள். கதவுக் கைப்பிடி, விளக்கின் கண்ணாடித் துண்டு, தங்கம் பூசிய மரச் செதுக்கலில் ஒரு இலை, விரல் நீளத்துக்குச் சுதைத் துணுக்கு. ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும், அதே மாதிரி மற்றதைச் செய்ய அளவு கிடைத்துவிடும்.

இதற்கிடையில் வீட்டுக்கு மேலே சாரம் கட்டித் தற்காலிகக் கூரை போட்டார்கள். தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர் சுவருக்குள் ஊறிக் கிடந்தது. எரிந்த வீட்டின் இரண்டாவது எதிரி இந்தத் தண்ணீர்தான். ஈரம் உள்ள சுவரில் மரம் பதித்தால் பூஞ்சை பிடித்து மரத்தைத் தின்றுவிடும். அதனால் சுவர் காயும் வரை காத்திருக்க வேண்டும், அது மாதக் கணக்கு.

பிறகு கூரைச் சுதை வேலை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அக்காலத்து உள்கூரைக்கு, விட்டத்தின் அடியில் மெல்லிய மரச் சிம்புகளை இடைவெளி விட்டு ஆணி அடித்து, அதன் மேல் சுண்ணாம்புக் குழம்பை அழுத்துவார்கள். குழம்பு இடுக்கு வழியாக மறுபக்கம் பிதுங்கி, கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும். வெடிக்காமல் இருக்க அதில் விலங்கு ரோமம் கலப்பார்கள். கடைசிப் படலத்தின் மேல் இலை, பூ, கொடி வேலைப்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இதை அச்சில் வார்த்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்பார்க்கில் இருந்த பழைய வேலையில் பல பகுதிகள் அச்சு அல்ல. சுதை இறுகுவதற்குள் விரலாலும் சிறு கரண்டியாலும் அங்கேயே உருவாக்கியவை. ஒரு இலை இன்னொரு இலை மாதிரி இருக்காது. 1989-இல் இங்கிலாந்தில் இதைச் செய்யத் தெரிந்த ஆள் அநேகமாக இல்லை. எந்த அளவில் சுண்ணாம்பு, எந்த அளவில் ரோமம், இறுகும் நேரம் எவ்வளவு என்று கலந்து பார்த்து, கெடுத்து, மறுபடி கலந்து கற்றுக்கொண்டார்கள். குப்பைத் தொட்டியில் கிடைத்த பழைய துணுக்குகளை அவற்றின் இடத்திலேயே வைத்து, இடைவெளியை மட்டும் புதிதாக நிரப்பினார்கள்.

சிமெண்ட் பூசியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று தோன்றலாம். சுண்ணாம்பு மென்மையானது. சுவர் கொஞ்சம் அசைந்தால் அதுவும் அசைந்து கொடுக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் கெட்டி. ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், கொஞ்ச வருஷத்தில் செங்கல் உப்புப் பூத்து உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசிய வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இத்தனைக்கும் முட்டை ஓடு மாதிரி வழவழக்கும் மதராஸ் பூச்சைப் பார்த்து அசந்துபோய், நம் சுண்ணாம்பை சுனாம் என்ற பெயரில் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டவர்கள் ஆங்கிலேயர்கள். இரண்டு ஊரிலும் சிமெண்ட் வந்த பிறகு கைவிட்டது ஒரே பொருளைத்தான்.

சிவப்பு வரவேற்பறையின் சுவர்த்தாளுக்கு வருவோம். தீயின்போது உரித்து எடுத்த பட்டைகள் இருந்தன. குறைந்த இடத்துக்குப் புதிதாக அச்சடித்தார்கள். அச்சடித்த தாள் பளிச்சென்று சிவப்பாக இருந்தது, பழையதோ வெயில் பட்டு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. புதியதைப் பழையதற்குச் சமமாக மங்க வைத்தார்கள். புதுசை வேண்டுமென்றே பழசாக்குவதா, இது ஏமாற்று இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. மோரிஸ் இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். என் கணிப்பில் இது ஏமாற்று ஆகாது, ஏனென்றால் எது பழசு எது புதுசு என்பதை அவர்கள் மறைக்கவில்லை; பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்குத் தீயின் கதையையும் சொல்கிறார்கள். ஆனாலும் கேள்வி முழுசாகப் போய்விடுவதில்லை.

இங்கே கற்றது வீணாகவில்லை. 1992 நவம்பர் 20-ஆம் தேதி வின்சர் கோட்டை எரிந்தபோது, அப்பார்க்கில் கை பழகியவர்கள் பலர் அங்கே போனார்கள். வின்சரில் எடுத்த முடிவு கொஞ்சம் வேறு. நன்றாக மிஞ்சிய அறைகளைப் பழையபடி மீட்டு, அடியோடு போன புனித ஜார்ஜ் மண்டபத்தின் கூரைக்குப் பழையதை நகலெடுக்காமல், ஓக் மரத்தில் புது வடிவம் ஒன்றைச் செய்தார்கள்.

அப்படியே விடு

அப்பார்க் எரிந்த அதே 1989-இல், டெர்பிஷயரில் கால்க் ஆபி என்ற மாளிகை முதல்முறையாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே பிரச்சினை நேர் எதிர். எதுவும் எரியவில்லை, எதையும் யாரும் வெளியே எறியவும் இல்லை. 1701-க்கும் 1704-க்கும் இடையில் கட்டிய வீடு. ஹார்பர் குரூ குடும்பம் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தவிர்த்தது, பொருள்களைச் சேர்த்தது. வான்சி ஹார்பர் குரூ 1924-இல் இறக்கும்வரை பஞ்சடைத்த பறவைகளையும் முட்டைகளையும் ஆயிரக்கணக்கில் குவித்தார்; தன் நிலத்துக்குள் மோட்டார் கார் நுழையவே கூடாது என்றார். வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1962-இல். ஒரு அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்களாம்.

1981-இல் சார்லஸ் ஹார்பர் குரூ திடீரென்று இறந்தார். வரி சுமார் 80 லட்சம் பவுண்டு. 1984 பட்ஜெட்டில் நிதியமைச்சர் தனியாக ஒரு தொகை ஒதுக்கிய பிறகே வீடு டிரஸ்டின் கைக்கு வர வழி பிறந்தது. டிரஸ்ட் கூரை ஒழுகலை நிறுத்தியது, விட்டங்களைப் பலப்படுத்தியது, பூச்சிகளை ஒழித்தது. அதற்கு மேல் கை வைக்கவில்லை. உரிந்த சுவர்த்தாள் உரிந்தபடி தொங்குகிறது, பெயிண்ட் பொரிந்தபடி இருக்கிறது. இவ்வளவு பெரிய பழுதுபார்ப்பைச் செய்துவிட்டு ஒன்றுமே செய்யாத மாதிரி காட்டுவதற்கு எவ்வளவு வேலை ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொருள்களைத் தூக்கி, ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று குறித்து, வேலை முடிந்ததும் குப்பையாகக் கிடந்ததை அதே குப்பையாகத் திரும்ப வைக்க வேண்டும்!

அந்தச் சாமான்களுக்கு நடுவே பெட்டிகளில் ஒரு கட்டிலின் சீனப் பட்டுத் திரைகள் கிடைத்தன. 1730-களில் வந்ததாக நம்பப்படும் கட்டில், ஒருபோதும் முழுமையாகப் பூட்டப்படவே இல்லை. வெளிச்சமே படாததால் மயில் போல மின்னும் நீலமும் பச்சையும் நேற்றுச் சாயம் போட்ட மாதிரி இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் நிறம் உண்மையில் எப்படி இருந்தது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். மங்கலான அப்பார்க் சுவர்த்தாளைப் பார்த்துப் பழைய காலமே மங்கலாக இருந்தது என்று நினைத்துவிடுகிறோம் இல்லையா?

கிளாண்டன்: மனம் மாறிய கதை

மூன்றாவது வீடு சர்ரேயில் உள்ள கிளாண்டன் பார்க். வெனிஸிலிருந்து வந்த ஜாகோமோ லியோனி என்ற கட்டடக் கலைஞர் 1720-களில் வடிவமைத்தது. 2015 ஏப்ரல் 29 அன்று அடித்தளத்தில் இருந்த மின் விநியோகப் பலகையில் தீ பிறந்து, சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் இருந்த இடுக்குகள் வழியாகக் கூரை வரை ஏறியது. மிகப் பெரும் பகுதி போயிற்று. ஏறக்குறைய முழுசாக மிஞ்சியது சபாநாயகர்கள் அறை என்ற ஒரே அறை; அந்த வீட்டு ஆன்ஸ்லோ குடும்பத்தில் மூன்று பேர் பாராளுமன்றச் சபாநாயகர்களாக இருந்தவர்கள்.

டிரஸ்ட் முதலில் கீழ்த்தளத்தின் முக்கிய அறைகளை மீட்டமைக்கிறோம் என்றது, 2017-இல் வடிவமைப்புப் போட்டிகூட நடத்தியது. 2022-இல் மனம் மாறியது. எஞ்சிய சுவர்களை உறுதிப்படுத்தி, உள்ளே நடைபாதைகளும் மேலே மொட்டை மாடியும் அமைத்து, எரிந்த கூடாகவே காட்டப்போகிறோம் என்றது. பூச்சு உதிர்ந்ததால் கட்டடத்தின் எலும்பு தெரிகிறது, செங்கல்லை எப்படி அடுக்கினார்கள், விட்டத்தை எங்கே சொருகினார்கள் என்பதை வேறெந்த மாளிகையிலும் இப்படிப் பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பாளர்கள் விடவில்லை. அப்பார்க்கில் முடிந்தது இங்கே ஏன் முடியாது என்றார்கள். டிரஸ்டின் பதிலும் நியாயம் இல்லாதது அல்ல: அப்பார்க்கில் கீழ்த்தளமும் சாமான்களும் மிஞ்சின, இங்கே மிஞ்சியது மிகக் குறைவு. எனக்கு மனம் இரண்டு பக்கமும் போகிறது. அங்கே எரிந்துபோன மார்பிள் மண்டபத்தை மறுபடி பார்க்க ஆசைதான். ஆனால் அதைச் செய்தால் அங்கே நான் பார்ப்பது லியோனியின் மண்டபத்தைவிட, இருபத்தோராம் நூற்றாண்டுக் கைவினைஞர்களின் திறமையாகத்தான் இருக்கும்.

அப்பார்க்குக்குப் போக வாய்த்தால் கூரைச் சுதையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு பொம்மை வீட்டையும் தேடிப் பாருங்கள். 1730-களின் கடைசியில் செய்தது; சாரா கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தது. மூன்று அடுக்கு, முகப்பில் அவள் பிறந்த வீட்டுச் சின்னம். உள்ளே விரல் நுனி அளவு வெள்ளிச் சாமான், கண்ணாடிக் கோப்பை, சட்டம் போட்ட நிஜ எண்ணெய் ஓவியங்கள், திரை கட்டிய கட்டில்கள். எஜமான், எஜமானி பொம்மைகளுக்கு மெழுகு முகம், வேலைக்காரப் பொம்மைகளுக்கு மர முகம். அந்தப் புதன்கிழமை பெரிய வீட்டின் கூரை எரிந்துகொண்டிருந்தபோது, இந்தச் சின்ன வீட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.